'லைவ்' என்று போட்டிருக்கிறதே, அது எந்த அளவுக்கு நேரடி?

நரிமன் பாயிண்ட் என்.சி.பி.ஏ. (தேசிய நிகழ்கலை மையம்) வெளியிடும் மாத நிகழ்ச்சி நிரலை நமது சங்க நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஆரம்பித்ததிலிருந்து, பலகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தாறு வருடம் ஓட்டியவன் என்பதால், கம்பியில்லாமல் வரும் எதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு எண்ணம். சென்ற மாதம் எங்கள் கட்டிட மாமி ஒருவர் கேட்ட கேள்வியில் எல்லாமே அடங்கிவிட்டது.

"ஏன் ஸார், லைவ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். பேத்தி செல்லுல தேடிப் பார்த்துட்டு, இது லண்டன்ல என்னிக்கோ நடந்து முடிஞ்ச நாடகம்ங்கறா. அப்போ இது நேரடியா, ரிகார்டா? டிக்கட் வாங்கலாமா, வேண்டாமா?"

நியாயமான கேள்வி. பேத்தி சொன்னதும் சரி, நிரலில் போட்டிருப்பதும் பொய்யில்லை. எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் சங்கத்திலேயே இதைப் போல ஒன்று நடத்தலாம் என்ற யோசனையும் வந்திருப்பதால், விஷயத்தைத் தெரிந்துகொண்டு கை தூக்குவது நல்லது.

நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் ஆபரா என்று ஒரு பெரிய இசை நாடக அரங்கு இருக்கிறது. சுமார் 3,800 பேர் உட்காரலாம். நமது ஷண்முகானந்தாவைவிட ஆயிரம் இருக்கை அதிகம். சனிக்கிழமை மதிய ஆட்டங்களை அவர்கள் 1931 முதலே வானொலியில் நேரடி அஞ்சல் செய்து வருகிறார்கள். நம் ஆகாசவாணியின் அகில பாரத சங்கீத நிகழ்ச்சி 1952-இல் தொடங்கியது. சனிக்கிழமை இரவுகளில் ரேடியோப் பெட்டி முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்தவர்களுக்கு அந்த ருசி தெரிந்திருக்கும். வானொலியில் செய்ததையே படத்தோடு செய்தால் என்ன என்று மெட்காரர்கள் 2006 டிசம்பர் 30 அன்று மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஆபராவைச் செயற்கைக்கோள் வழியாகத் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். லண்டன் நேஷனல் தியேட்டர் அதே வழியில் 2009 ஜூன் 25 அன்று ஹெலன் மிர்ரன் நடித்த 'ஃபெட்ரா' நாடகத்தை அனுப்பியது. என்.சி.பி.ஏ. நிரலில் நீங்கள் பார்க்கும் 'மெட் லைவ் இன் ஹெச்.டி.', 'நேஷனல் தியேட்டர் லைவ்' என்ற பெயர்கள் இப்படி வந்தவை. அவை வரிசைகளின் பெயர்கள். ரயிலுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைப்பது மாதிரிதான். பெயர் எக்ஸ்பிரஸ் என்பதற்காக அது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்காது என்று அர்த்தமில்லை அல்லவா!

சரி, அனுப்புகிறார்கள், நாம் அதே நிமிடத்தில் ஏன் பார்க்க முடியவில்லை? இதில் தொழில்நுட்பத்தின் குற்றம் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளிபரப்புச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அலை ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் அது கால் வினாடி வேலை. ஒரு பெரிய அரங்கில் மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதுக்குப் பாட்டு வந்து சேரவே பத்தில் ஒரு வினாடி ஆகிறது. ஆக, ஆகாயத்தில் போய்வருவதால் 'நேரடி' கெட்டுவிடாது. படத்தைச் சுருக்கி அனுப்பி, இங்கே மறுபடி விரிக்கிற வேலையில்தான் சில வினாடிகள் போகும். கிரிக்கெட் மாட்ச் அன்று அடுத்த வீட்டில் "ஸிக்ஸர்!" என்று கத்திய பிறகு நம் வீட்டு டி.வி.யில் பந்து வீசுகிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். அவர் வீட்டில் கேபிள், நம் வீட்டில் டிஷ், பேரன் கையில் செல்போன் என்றால் மூன்று பேருக்கும் மூன்று நேரம். செல்போன் வைத்திருப்பவருக்குத்தான் அநேகமாகக் கடைசியில் தெரியும்.

உண்மையான தடை கடிகாரம். நியூயார்க்கில் சனிக்கிழமை மதியம் 1 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு பதினொன்றரை. மூன்று மணி நேர ஆபரா முடியும்போது இரண்டரையைத் தாண்டிவிடும். லண்டனில் மாலை 7 மணிக்கு நாடகம் தொடங்கினால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அந்த நேரத்தில் அரங்கைத் திறந்து வைத்தால் யார் வருவார்கள்? வந்தாலும் லோக்கல் வண்டிகள் ஓய்வெடுக்கும் வேளையில் வீட்டுக்கு எப்படிப் போவார்கள்? அதனால் நேரடியாகப் பிடித்த பதிவை வாங்கி, சில வாரமோ சில மாதமோ கழித்து, நமக்கு வசதியான மாலையில் போடுகிறார்கள். நிரலில் 'என்கோர்' என்று ஒரு சொல் வந்தால், முன்பு காட்டியதையே மறுபடி காட்டுகிறார்கள் என்று பொருள். நேஷனல் தியேட்டர் வரிசையில் முன்கூட்டியே அரங்கில் பதிவு செய்து, பிறகு உலகெங்கும் வெளியிடும் பழக்கமும் வந்துவிட்டது.

அப்படியானால் இது வெறும் சினிமாதானே என்று மாமி விடவில்லை. இல்லை. சினிமாவில் ஒரு வசனத்துக்கு இருபது டேக் எடுக்கலாம். இங்கே உள்ளூர் ஜனங்கள் டிக்கட் வாங்கி எதிரே உட்கார்ந்திருக்க, நாடகம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாக ஓடுகிறது. காமிராக்கள் அதைப் பிடிக்கின்றன. நடிகருக்குத் தொண்டை கட்டினால் கட்டியதுதான். ஜனங்கள் சிரித்தால் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருக்கிறார். நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். திருவையாற்றிலிருந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரடி அஞ்சலில் கேட்பதற்கும், அதையே ஸ்டூடியோவில் ஒவ்வொருவராகப் பாடி ஒட்டிய காஸெட்டில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்; உங்களுக்கும் தெரியும்.

காமிரா வைப்பது ஒரு தனி வித்தை. எந்த வசனத்தில் எந்தக் காமிரா என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு, ஒத்திகை பார்க்கிறார்கள். ஆனால் இதில் ஒரு நஷ்டமும் உண்டு. அரங்கில் உட்கார்ந்தால் யாரைப் பார்ப்பது என்பது நம் இஷ்டம். கதாநாயகன் பேசும்போது மூலையில் நிற்கும் வேலைக்காரனின் முகத்தைப் பார்க்கலாம். இங்கே காமிரா காட்டுவதைத்தான் பார்க்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், இந்த முறையில் ஆபராவுக்கு லாபம் அதிகம், நாடகத்துக்குக் கொஞ்சம் நஷ்டம். மெட் அரங்கில் பாடகர்கள் மைக் இல்லாமல் 3,800 பேருக்கும் கேட்கும்படி பாடுகிறார்கள். நம் நாடக மேடையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அப்படிப் பாடியவர்கள்தான். கடைசி வரிசையில் இருப்பவருக்குக் குரல் கேட்கும், முகம் தெரியாது. திரையிலோ அந்த மூச்சை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதே தெரிகிறது. இடைவேளையில் காமிரா மேடைக்குப் பின்னால் போய், பெரிய பெரிய செட்டுகளை ஆட்கள் தள்ளிக்கொண்டு போவதைக் காட்டுவார்கள். எனக்கு ஆபராவைவிட அதுதான் பிடிக்கும் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். இருக்கட்டுமே.

பாஷை புரியுமா என்று பயப்பட வேண்டாம். இத்தாலிய, ஜெர்மன் ஆபராக்களுக்கு ஆங்கிலத்தில் வரிகள் கீழே ஓடும். நியூயார்க் அரங்கிலேயே 1995 முதல் ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் சின்னத் திரை வைத்து மொழிபெயர்ப்பு காட்டுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கும் புரியாததுதான் என்பது ஒரு ஆறுதல்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 2011-இல் லண்டனில் நடந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் மறுபடி மறுபடி திரையிட்டிருக்கிறார்கள். பெனடிக்ட் கம்பர்பாட்ச், ஜானி லீ மில்லர் இருவரும் ஒரு நாள் விஞ்ஞானி, மறுநாள் அவன் உண்டாக்கிய உயிர் என்று வேஷத்தை மாற்றி மாற்றி நடித்தார்கள். இரண்டு விதத்தையும் பதிவு செய்திருக்கிறார்கள். எது வருகிறது என்று நிரலில் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனின் சிறந்த நடிகர் பரிசை இருவருக்கும் பகிர்ந்தே கொடுத்தார்கள். நாடகத்தை இயக்கிய டேனி பாயில் நமக்கு அந்நியர் இல்லை. 'ஸ்லம்டாக் மில்லியனேர்' எடுத்தவர். வி.டி. பிளாட்பாரத்தில் ரஹ்மான் பாட்டுக்குக் கூட்டமாக ஆட வைத்தாரே, அவர்தான். ஒரு பிளாட்பாரத்தைக் காலி செய்து கொடுப்பது எவ்வளவு பாடு என்பது ரயில்வேக்காரனுக்குத்தான் தெரியும்!

இனி சினிமா. நிரல்களில் பழைய படங்களின் பெயரோடு 'ரெஸ்டோர்டு' என்று வந்தால், தேய்ந்துபோன பழைய பிரதியை ஓட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மூலப் பிலிமைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு கட்டமாக ஸ்கேன் எடுத்து, கீறலையும் நிறம் வெளுத்ததையும் சரிசெய்கிறார்கள். வினாடிக்கு 24 கட்டம் வீதம் இரண்டே கால் மணி நேரப் படத்துக்கு 1,94,400 கட்டங்கள். குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு 1976-இல் வந்த ஷ்யாம் பெனகலின் 'மந்தன்' படத்தை இப்படிப் புதுப்பித்தது மும்பையில் உள்ள பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன். 2024-இல் கான் விழாவில் காட்டி, ஜூனில் நம் திரையரங்குகளுக்கும் வந்தது. அந்த மாதிரிப் படம் பெரிய திரைக்கு வந்தால் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

சங்க விஷயத்துக்கு வருகிறேன். நமது ஹாலில் ப்ரொஜெக்டர் இருக்கிறது, இண்டர்நெட் இருக்கிறது. யாராவது ஒருவர் வீட்டு ஓ.டி.டி. சந்தாவில் ஒரு தமிழ்ப் படத்தையோ மார்கழிக் கச்சேரியையோ சுவரில் போட்டு, ஆளுக்கு 50 ரூபாய் வசூலிக்கலாம் என்பது இளைஞர்களின் யோசனை. ஆசை நல்ல ஆசை. 2020 மார்கழியில் சென்னை சபாக்கள் கச்சேரிகளை இணையத்தில் கொடுத்தபோது, வெளியே வர முடியாமல் இருந்த நம் பெரியவர்களுக்கு அது எவ்வளவு தெம்பாக இருந்தது என்று பார்த்தோம். ஆனால் வீட்டுச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். பத்துப் பேரைக் கூட்டி ஹாலில் காட்ட உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும். காப்புரிமைச் சட்டம் அப்படி. பொதுவில் திரையிடும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். அது 1952 சினிமாட்டோகிராஃப் சட்டம். பெரிய திரையரங்குகளுக்கே படம் பூட்டிய டிஸ்கில்தான் வருகிறது. திறக்கும் சாவி தனியாக வரும். இந்த ப்ரொஜெக்டரில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று எழுதிய சாவி. நேரம் தாண்டினால் படம் ஓடாது. ஒற்றைப் பாதைப் பிரிவில் டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்த முடியாது என்பதைப் போலத்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. நமது ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு காலத்தில் ஹால் வாசல்வரை நின்று பார்த்தார்கள். இப்போது மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நாற்காலிகள் காலி. மாதம் ஒரு திரையிடல் வைத்தால், நம் பிள்ளைகள் நடிக்கும் நாடகத்துக்கு இருக்கிற நாலு பேரும் அதற்குப் போய்விடுவார்கள் என்று நாடகக் குழு சொல்கிறது. திரையைப் பார்த்து ருசி வந்தவர்கள் மேடைக்கும் வருவார்கள் என்கிறார்கள் இளைஞர்கள். எனது யோசனை: முறைப்படி எழுதிக் கேட்டு, சென்னைச் சபா ஒன்றின் அனுமதி கிடைத்தால், டிசம்பரில் ஒரே ஒரு கச்சேரி. டிக்கட் வேண்டாம். அன்றைக்கே, இடைவேளைக்குப் பிறகு, நம் பிள்ளைகளின் ஓரங்க நாடகம். வந்தவர்கள் அதற்கும் இருந்துவிட்டுப் போகிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்கிறது.

என்.சி.பி.ஏ.வுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: இந்தத் திரையிடல்கள் வழக்கமாக சுமார் 200 பேர் உட்காரும் கோத்ரெஜ் நடன அரங்கு போன்ற சின்ன அரங்குகளில் நடப்பதால், டிக்கட்டை முன்பே எடுத்துவிடுவது நல்லது. மேற்கு ரயில்வேயில் வருகிறவர்களுக்கு சர்ச்கேட்தான் பக்கம். மத்திய ரயில்வேக்காரர்கள் வி.டி.யில் இறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை திறந்துவிட்ட மெட்ரோவில் வந்தால் விதான் பவன் ஸ்டேஷனில் இறங்கலாம்; முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி. ஆபராவுக்குப் போகும் அன்று வீட்டில் ராத்திரி சமையலை முடித்துவிட்டே கிளம்புங்கள், திரும்ப நேரமாகும். தாமதமாகப் போனால் வாசலிலேயே காக்க வைக்கக்கூடும், கால் மணி முன்னதாகவே போய்விடுங்கள்.

மாமி டிக்கட் எடுக்கச் சொல்லிவிட்டார், பேத்திக்கும் சேர்த்து. இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒன்றாகவே போய் வரலாம். நூலகம் திறந்திருக்கும் ஞாயிறு காலைகளில் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.