இரண்டாவது வாய்

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஷூட்டிங்தான். நடிகர் ஏறி உட்காரும் வெள்ளை வண்டி, கொஞ்சம் தள்ளி உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர். ஹைதராபாத்தில் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சைனிக்புரியில் எங்கள் தெருவில் நிற்பது வேறு ரகம். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சின்ன வண்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஒரு டன் ஏ.சி. பெயரிலேயே சிப்பாயை வைத்துக்கொண்டிருக்கும் இந்தக் குடியிருப்பில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் நிறைய. வண்டியின் சொந்தக்காரரும் அப்படி ஒருவர்தான், வேலூர் பக்கம்.

ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டு ஒரு ப்ளக்கைக் காட்டினார். பாதி உருகிப்போயிருந்தது. "எம்.சி.பி. விழவே இல்லை சார்" என்றார். லோடு மிஞ்சினால் தானாக விழ வேண்டிய ஸ்விட்ச் அது. அவருக்கு அதுதான் ஆச்சரியம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் இந்த வண்டி எப்படிக் கரண்ட் குடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

வண்டியின் பக்கவாட்டில் மூடி போட்ட ஒரு குழி இருக்கும். அதற்குள் மூன்று பின்கள். வீட்டிலிருந்தோ முகாமிலிருந்தோ வரும் கேபிளின் முனையை அதில் சொருக வேண்டும். சுவரில் ஓட்டை, ப்ளக்கில் பின் என்பது வீட்டு வழக்கம். இங்கே தலைகீழ்: வண்டிச் சுவரில் பின், கேபிள் முனையில் ஓட்டை. காரணம் எளிது. கரண்ட் வரும் பக்கத்தில் தொடக்கூடிய உலோகம் எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை மீறுவதுதான் வில்லனாக வரும்.

வெளியிலிருந்து வரும் இந்த இணைப்புக்குக் கரை மின்சாரம் என்று பெயர். கப்பல்காரர்கள் கொடுத்தது. நிலக்கரியில் ஓடிய காலத்தில் கப்பல் துறைமுகத்தில் நின்றதும் கரையிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளும், கொதிகலனின் நெருப்பு அணையும், இரும்பு குளிரும். கப்பல் என்ன, விமானத்துக்கும் இது உண்டு. ஹக்கீம்பேட்டை விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால் இங்கே பலருக்கு இது பழகிய விஷயம். தரையில் நிற்கும் விமானத்துக்கு வெளியிலிருந்து 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் கொடுப்பார்கள். போயிங் 777க்கு அப்படி இரண்டு வாய்கள், ஏர்பஸ் ஏ380க்கு நான்கு. ஒரு வாய் போதாது என்ற பிரச்சினை நம் வேலூர்க்காரருக்கு மட்டும் வந்ததல்ல.

இனி உருகிய ப்ளக். வீட்டு பவர் பாயிண்ட் 16 ஆம்பியர். 230 வோல்ட்டோடு பெருக்கினால் 3,680 வாட். அமெரிக்காவில் பயண வண்டிகளுக்கு '30 ஆம்பியர்' இணைப்பு என்று பெரிதாகச் சொல்வார்கள். அங்கே 120 வோல்ட், ஆக 3,600 வாட்தான். நம் கீசர் பாயிண்டின் அளவு, அவ்வளவே. அதனால்தான் அங்கே இரண்டாவது ஏ.சி. வைக்கிறவர்கள் சிலர் வண்டியில் இரண்டாவது வாய் திறக்கிறார்கள்.

நம் ஆளின் கணக்கு இது: ஏ.சி. 1,100 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, கெட்டில் 1,500. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 4,600 வாட், 20 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. 20 ஆம்பியரில் உடனே விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். விழாது. அதன் தரவிதிப்படி, குறித்த அளவைப்போல் 1.45 மடங்கு போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆகவேண்டும். அதாவது 23 ஆம்பியருக்கு மேல். 20 ஆம்பியரில் அது நெடுநேரம் பேசாமல் இருக்கலாம். அதற்குள் கொஞ்சம் தளர்ந்த ப்ளக் நிதானமாக வெந்துவிடும்.

கேபிளும் தன் பங்குக்குச் சூடாகும். 25 மீட்டர் நீளம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் போக வர 50 மீட்டர், தடை சுமார் 0.4 ஓம். 16 ஆம்பியர் ஓடினால் 100 வாட் கேபிளிலேயே கரைகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் 1 சதுர மில்லிமீட்டர் கேபிளாக இருந்தால் 250 வாட். உருளையில் சுற்றியபடியே அதைப் பயன்படுத்துவது அடுப்பில் வைப்பதற்குச் சமம். முழுக்கப் பிரித்துப் போட வேண்டும்.

ஆக, இரண்டாவது வாய் தேவைதான். கோட்டி பக்கம் ட்ரூப் பஜாருக்குப் போனால் நீல நிற இன்டஸ்ட்ரியல் இன்லெட் வாங்கிவிடலாம். நீலம் என்றால் 230 வோல்ட், சிவப்பு என்றால் 400. இந்த நிறக் கணக்கு பல நாடுகளில் ஒன்றுதான். பின்னால் தண்ணீர்த் தொட்டியோ காஸ் குழாயோ பழைய ஒயரோ இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டை போட்டு, விளிம்பில் நீர் புகாமல் சீலண்ட் வைத்தால் ஒரு பொழுதில் முடிந்துவிடும். இது கார்ப்பெண்டர் வேலை, அதில் பேச எதுவுமில்லை.

பேச வேண்டியது ஓட்டைக்குப் பின்னால் நடப்பதை. அங்கேதான் நம்மூர் எலக்ட்ரீஷியன் சறுக்குவார். புது ஒயரைக் கொண்டுபோய்ப் பழைய போர்டிலேயே சேர்த்து, "ரெண்டு பக்கமும் வரும் சார், லோடு பிரியும்" என்பார். லோடு பிரியாது, உயிர்தான் பிரியும். இரண்டு வாயும் உள்ளே சேர்ந்திருந்தால், ஒன்றில் கேபிள் சொருகிய நொடியில் மற்றதன் பின்களில் 230 வோல்ட் நிற்கும். மூடியைத் திறந்து கைவைக்கிற குழந்தைக்கு அது தெரியாது. நான் சொன்ன வில்லன் இதுதான்.

அதோடு நிற்காது. மூன்று ஃபேஸ் வாங்கிய வீடுகளில் போர்ட்டிகோ பாயிண்ட் ஒரு ஃபேஸிலும் போர் மோட்டார் பாயிண்ட் இன்னொன்றிலும் இருப்பது சாதாரணம். இரண்டுக்கும் நடுவே 400 வோல்ட். இரண்டு கேபிளையும் இந்த இரண்டிலும் சொருகி உள்ளே சேர்த்தால் அது ஷார்ட் சர்க்யூட், வேறொன்றுமில்லை.

ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விடுகிறவர்களும் உண்டு. ஆர்.சி.சி.பி. என்பது போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றா என்று பார்க்கும் கணக்குப்பிள்ளை. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். நியூட்ரல்கள் சேர்ந்திருந்தால் ஒரு வழியில் போனது இரு வழியிலும் திரும்பும். இரண்டு கணக்கும் உதைக்கும். அப்போது "ஆர்.சி.சி.பி. சரியில்லை, எடுத்துடலாம்" என்று ஒரு யோசனை வரும். அந்த யோசனை சொல்பவரை அன்றே அனுப்பிவிடுங்கள்.

சரியான வழிகள் இரண்டு. முதலாவது, முழுத் தனிக்குடித்தனம்: இரண்டாவது வாய்க்குத் தனி ஆர்.சி.சி.பி., தனி எம்.சி.பி., தனி ஃபேஸ், தனி நியூட்ரல், அதில் ஏ.சி. மட்டும். நம் நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். ஏ.சி. நகர்ந்ததும் மீதி இரண்டும் சேர்ந்து 3,500 வாட், பழைய பாயிண்டுக்குள் அடங்கிவிடுகிறது. மயிரிழையில்தான், மறுக்கவில்லை.

இரண்டாவது வழி, எந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினாலும் சொருக வசதி வேண்டும் என்பவர்களுக்கு. அவர்களுக்குக் கூடுதல் கரண்ட் வேண்டாம், கூடுதல் வாய் மட்டும் போதும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் நடுவில் இருக்க வேண்டும். ஒன்றை விட்ட பிறகே மற்றதைப் பிடிக்கும் ஸ்விட்ச். இதை நாம் தெரியாமலே அனுபவித்திருக்கிறோம். ஜெனரேட்டர் பெட்டி பூட்டிய, எல்.எச்.பி. ரகப் பெட்டிகள் கொண்ட ரயிலில் முனைக்கு முனை 750 வோல்ட்டில் 'ஏ', 'பி' என இரண்டு மின்பாதைகள் ஓடும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒன்று போனால் மற்றது.

எர்த் மட்டும் இந்தப் பிரிவினைக்குள் வராது. இரண்டு வாயின் எர்த்தும் வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒன்றுசேர வேண்டும், ஸ்விட்ச் எதுவும் இடையில் கூடாது. வண்டி நிற்பது ரப்பர் டயரில். எர்த் இல்லாமல் உள்ளே எங்காவது ஒயர் உரசினால் உடம்பு முழுக்கக் கரண்டோடு அது சாதுவாக நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு காலை ஈரத் தரையில் வைத்து கதவைப் பிடிப்பவருக்கு ஆகும்.

2021இல் கேரளம் கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை அறிவித்த பிறகு தென்னிந்தியாவில் இத்தகைய வண்டிகளைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. ஆனால் இரவு தங்கும் பல இடங்களில் கிடைப்பது இன்னமும் ஒரு 6 ஆம்பியர் பாயிண்ட்தான், 1,380 வாட். அங்கே எத்தனை வாய் இருந்தாலும் ஏ.சி. மட்டும்தான் ஓடும், கெட்டிலுக்கு அதுவும் போதாது.

இரண்டாவது வாய் வைத்து முடித்தவுடன், கேபிள் எதையும் சொருகாமல் ஒரு மல்டிமீட்டரை பீப் சத்தத்துக்கு வைத்து இரண்டு வாய்களின் பின்களையும் தொட்டுப் பாருங்கள். எர்த்துக்கும் எர்த்துக்கும் பீப் வர வேண்டும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும், நியூட்ரலுக்கும் நியூட்ரலுக்கும் வரக் கூடாது. வந்தால் கூலியைக் கொடுக்காதீர்கள்.