கேம் பெட்டி விலை அரை லட்சம்: கிராமத்து பசங்க செல்போனை விடாதது ஏன்?

வில்லியனூர்:

புதுசா ஒரு வீடியோ கேம் பெட்டி வந்தால் பெரிய நகரங்களில் அடிதடிதான். சோனி நிறுவனத்தின் 'பிளே ஸ்டேஷன் 5'க்கு 2021 ஜனவரியில் இந்தியாவில் முன்பதிவு தொடங்கியது. சில நிமிடங்களிலேயே ஸ்டாக் காலி.

ஆனால் வாங்கத் துடிப்பவர்கள் விளையாட்டு வெறியர்கள் மட்டும்தான். வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரம் சும்மா விளையாடுற ஆளுங்க அந்தப் பக்கம் போறதில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் நின்று கணக்கு போட்டால் காரணம் பளிச்சென்று தெரியும்.

164 நாள் கூலி!

பிளே ஸ்டேஷன் 5ன் மெலிந்த மாடல் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது விலை ரூ.54,990. டிஸ்க் போட முடியாத மாடல் ரூ.44,990.

2025-26ம் ஆண்டில் புதுவையில் 100 நாள் வேலைத் திட்டக் கூலி ஒரு நாளைக்கு ரூ.336. அந்தக் கணக்கில் பெரிய மாடலுக்கு 164 நாள் உழைக்கணும். 100 நாளும் முழுசா வேலை கிடைத்தாலே கைக்கு வருவது ரூ.33,600தான். சாப்பாட்டுக்கு ஒரு பைசா எடுக்காமல் சேர்த்தாலும் சின்ன மாடல்கூட வாங்க முடியாது.

பெட்டி வாங்கினா மட்டும் போதுமா?

பெட்டியை வாங்கி வெச்சா மட்டும் ஆட முடியாது. சோனியின் பெரிய கேம் ஒன்று ரூ.4,999. அதாவது இன்னொரு 15 நாள் கூலி. நெட்டில் நண்பர்களோடு சேர்ந்து ஆட பல கேம்களுக்கு தனியாக சந்தா கட்டணும்.

டிவியும் ஒத்துழைக்கணும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் மட்டும் செருகும் பழைய பெட்டி டிவியில் இது நேராக ஓடாது. எச்.டி.எம்.ஐ. சொருகு உள்ள டிவி வேணும்.

அடுத்தது நெட். பெரிய கேம்கள் 100 ஜி.பி. வரை வரும். தினம் 1.5 ஜி.பி. கிடைக்கும் செல்போன் பேக்கில் இறக்கினால் ஒரு கேமுக்கே 67 நாள் ஆகும். பெரும்பாலான கேம்களில் தமிழும் கிடையாது.

கூட்டத்தை இழுத்த செல்போன்

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நெட் விலை மளமளவென்று சரிந்தது. பேசுவதற்கு வாங்கிய போனிலேயே கேமும் வந்துவிட்டது. சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகிறவர் பஸ்சில் ஆடலாம். பாகூர் வயக்காட்டு வரப்பில் உட்கார்ந்தும் ஆடலாம். தனியாக காசு கொடுத்து பெட்டி எதுக்கு என்ற கேள்வி வருவது நியாயம்தானே.

வெளிநாட்டிலும் இதே கதை

நிண்டெண்டோ நிறுவனம் 2006ல் 'வீ' என்ற பெட்டியை இறக்கியது. கையை வீசினால் டிவியில் டென்னிஸ் ஆடலாம். தாத்தா, பாட்டிகூட ஆடினார்கள். 10 கோடிக்கு மேல் விற்றது.

2012ல் அதே நிறுவனம் 'வீ யூ' கொண்டு வந்தது. விற்றது சுமார் 1.35 கோடிதான். பெயரைப் பார்த்து, பழைய பெட்டிக்கு வந்த துணைக்கருவி என்றே பலர் நினைத்தார்கள். பழசே போதும் என்றவர்கள் ஒரு பக்கம், அதற்குள் போனுக்கு மாறியவர்கள் இன்னொரு பக்கம். சும்மா ஆடும் கூட்டம் திரும்பி வரவே இல்லை.

விலை இறங்கும்னு காத்திருந்தா...

முன்பெல்லாம் இந்த மாதிரி ஆளுங்க பொறுமையாக இருப்பார்கள். சில வருஷத்தில் விலை இறங்கும், அப்போது வாங்குவார்கள். அமெரிக்காவில் 2000ல் 299 டாலருக்கு வந்த பிளே ஸ்டேஷன் 2, 2009ல் 99 டாலருக்கு இறங்கியது. உலகம் முழுக்க 16 கோடி வரை விற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்தக் கணக்கு தலைகீழ். 2021ல் ரூ.49,990க்கு வந்த பிளே ஸ்டேஷன் 5, 2022 நவம்பரில் ரூ.54,990 ஆக ஏறியது. காத்திருந்தவங்களுக்கு கிடைத்தது 5 ஆயிரம் ரூபாய் கூடுதல் சுமை. நிண்டெண்டோவின் 'ஸ்விட்ச்' 2017ல் 299 டாலர். 2025 ஜூனில் வந்த 'ஸ்விட்ச் 2' 449 டாலர்.

பெற்றோர் கவனிக்க

பிள்ளை அடம் பிடிக்கிறது என்று தவணையில் எடுக்கும் முன் நாலு விஷயம் பாருங்க. டிவியில் சரியான சொருகு இருக்கா? கேம் விலை, சந்தா எவ்வளவு? வீட்டுக்கு ஒயர் இணைப்பு நெட் இருக்கா? பில், வாரண்டி உண்டா?

போன் கேம் இலவசம் என்றும் ஏமாறக் கூடாது. துப்பாக்கி, சட்டை என்று உள்ளே காசு கேட்கும். 'பப்ஜி'யை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தபோது, அதில் காசு போட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். போனோடு சேர்த்து வைத்திருக்கும் பேங்க் கணக்கு ரகசிய எண் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

அறுவடை முடிந்த வயலில் ரப்பர் பந்து கிரிக்கெட்டுக்கு இன்னும் சந்தா வரவில்லை!