தன் தசையைத் தானே காணுதல்

சேக்காடு, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து இயன்முறை மருத்துவ நிலையங்களில் நோயாளிகள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வது, வெளியிலிருந்து மின்துடிப்பைச் செலுத்தித் தசையைச் சுருங்க வைக்கும் சிகிச்சையையே குறிக்கும். தசைப் பின்னூட்டக் கருவியும் தோலின்மேல் அதேபோன்ற பட்டைகளை ஒட்டிக்கொள்கிறது என்றாலும், தசையை இயக்க அது மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. தசை தானாக உண்டாக்கும் நுண்ணிய மின்னழுத்தத்தை வாங்கி, ஒலியாகவோ திரையில் ஏறி இறங்கும் கோடாகவோ மாற்றி, அந்தத் தசைக்கு உரியவருக்கே காட்டுகிறது.

மூளையின் கட்டளை நரம்பு வழியே தசை இழைகளை எட்டும்போது எழும் இந்த மின்னழுத்தம், தோலின் மேற்பரப்பில் சில மைக்ரோவோல்ட் முதல் சில மில்லிவோல்ட் வரையே இருக்கும். மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அறையின் விளக்கும் மின்விசிறியும் உடலில் ஏற்றும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே இதை மூழ்கடித்துவிடக்கூடும் என்பதால், தசை இழைகள் ஓடும் திசையில் சுமார் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகளும், பொது அளவுகோலாக மூன்றாவது ஒன்றும் ஒட்டப்படுகின்றன. முதல் இரண்டுக்கும் பொதுவாக வரும் இரைச்சலைக் கழித்து, வேறுபாட்டை மட்டும் பெருக்கித் தருவது கருவிக்குள் உள்ள பெருக்கியின் வேலை. ஒட்டுமுன் அவ்விடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காமல் விட்டால் திரையில் தெரிவதை நம்ப இயலாது.

முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின் இதன் பயன் தெளிவாகத் தெரியும். மூட்டு வீங்கியிருக்கையில் தண்டுவடம் தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையைத் தானாகவே அடக்கிவிடுவதால், நோயாளி முழு முயற்சி செய்தும் தசை இறுகுவதில்லை. இறுகவில்லை என்பதும் அவருக்குச் சரியாக உறைப்பதில்லை. முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டை அவர் அழுத்த, அவரால் எட்ட முடிந்ததற்குச் சற்று மேலாகச் சிகிச்சையாளர் ஓர் இலக்குக் கோட்டை வைக்கிறார். கோட்டைத் தாண்டினால் மணி ஒலிக்கும். நாளடைவில் கோடு உயர்த்தப்படுகிறது. தேவைக்கு மேல் இறுகிக் கிடக்கும் கழுத்துத் தசைக்கோ இதே கோடு படிப்படியாக இறக்கப்படுகிறது.

இம்முறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்களுள் கனடாவின் ஜான் பாஸ்மாஜியன் முதன்மையானவர். ஒரே நரம்பணு இயக்கும் இழைத் தொகுதி 'இயக்க அலகு' எனப்படும்; அதன் துடிப்பைக் கேட்கவும் பார்க்கவும் வழிசெய்தால், மனிதர் அந்த ஒற்றை அலகையே விரும்பியபடி இயக்கவும் நிறுத்தவும் கற்றுக்கொள்கிறார் என்று அவர் 1963இல் காட்டினார்.

தமிழ்நாட்டில் இதன் தேவையை உணர்த்துவது வேலூரின் வரலாறு. அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொடங்கிய அறுவைகளில், தொழுநோயால் செயலிழந்த தசைகளின் பணியை ஏற்க, நலமாயிருந்த வேறொரு தசையின் நாண் இடம் மாற்றிப் பொருத்தப்பட்டது. இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைப் பழக்குவது அறுவையைப் போலவே கடினமான பணி. தொடுவுணர்வும் இழந்த கையில் அதைக் கண்ணும் காதும் கொண்டே பழக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் அதே கல்லூரியில் மறுவாழ்வு நிலையம் உருவானது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் கை நசுங்கி, தசைநாண் தைக்கப்பட்டு மீளும் தொழிலாளிக்கும் தசையைப் பழக்கும் இதே பயிற்சி தேவைப்படுகிறது.

கருவியின் எல்லையையும் சொல்ல வேண்டும். அது காட்டுவது மின்செயல்பாட்டையே தவிர வலிமையை அன்று. தோலடிக் கொழுப்பு மிகுந்தால் அளவு குறையும், பக்கத்துத் தசையின் மின்னழுத்தமும் கலந்து வரும், ஆகவே ஒருவரின் எண்ணை மற்றொருவரின் எண்ணோடு ஒப்பிடுவது பொருளற்றது. பக்கவாத நோயாளிகள் குறித்து 2007இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சிறிய ஆய்வுகள் சில பலனைச் சுட்டினாலும், தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கையில் உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது. வழக்கமான பயிற்சிக்குத் துணையாகவே இதைக் கொள்வது முறை. எனவே இச்சிகிச்சைக்குப் பணம் கட்டுமுன், எந்தத் தசைக்காக இது வைக்கப்படுகிறது, திரையைப் பார்க்காமலே அத்தசையை இயக்கும் பயிற்சி எப்போது தொடங்கும் என்ற இரண்டையும் சிகிச்சையாளரிடம் தவறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.