பீர்க் குழாயைக் கழுவும் வாளி

பெப்சியும் கோக்கும் ஒரு காலத்தில் உணவகங்களுக்குச் சோடா பாகு அனுப்பிய எவர்சில்வர் உருளைகளில்தான் அமெரிக்காவின் வீட்டுப் பீர்க்காரர்கள் பலர் இன்று பீரை நிரப்பிவைக்கிறார்கள். பாகு அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையாக வரத் தொடங்கியதும் 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் கொள்ளும் இந்தக் கெக்குகள் பழைய சாமான் விலைக்கு வந்தன. வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் மத்தியச் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டிருந்தார். ஆட்களும் இருந்தார்கள், பாத்திரமும் கிடைத்தது. கழுவுவதுதான் பெரும்பாடு.

கெக்கின் வாய் ஒரு கை நுழையும் அளவுதான். உள்ளே அடிவரை இறங்கும் மெல்லிய குழாய், மேலே இரண்டு வால்வுகள், ஐந்து ரப்பர் வளையங்கள். பிரஷ் எட்டாத இடமெல்லாம் கிருமிக்கு உகந்த இடம். கெக்கிலிருந்து பீர் பிடிக்கும் குழாய் வரை ஓடும் டியூப் இன்னும் மோசம். அதன் உள்விட்டம் பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர். 3 மீட்டர் நீளத்தில் சுமார் 54 மில்லி பீர் நிற்கும். ஆனால் அந்தச் சிறிதளவு பீர் உரசி நிற்கும் உட்பரப்பு, ஏ4 தாளில் முக்கால் பங்கு.

அந்தப் பரப்பில் இரண்டு வகை அழுக்கு சேர்கிறது. ஒன்று, கால்சியம் ஆக்சலேட் படிந்து இறுகும் 'பீர்க் கல்'. மற்றது, கழுவாத தண்ணீர்த் தொட்டியின் சுவரில் கை வழுக்குமே, அதுபோன்ற உயிர்ப்படலம். பீடியோகாக்கஸ் குடியேறினால் பீரில் வெண்ணெய் வாடை அடிக்கும். அசிட்டோபாக்டர் என்றால் காடி நெடி. கிருமிநாசினியை ஊற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். படலத்தின் மேலடுக்கில் இருப்பவை சாகும், அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். முதலில் படலத்தைப் பெயர்க்க வேண்டும். கிருமியைக் கொல்வது அதற்குப் பிறகு.

பெயர்ப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவன வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் வகுத்தது: வேதிப்பொருள், வெப்பம், நேரம், உரசல். ஒன்று குறைந்தால் மற்றவற்றைக் கூட்ட வேண்டும். கெக்கையும் டியூப்பையும் கழுவ உதவும் வாளிக் கழுவியின் வேலை இந்த நான்காவது, உரசல். கையால் தேய்க்க முடியாத இடத்தில் ஓட்டமே தேய்க்க வேண்டும்.

கழுவியின் அமைப்பு எளிது. ஒரு பெரிய வாளி. அதன் அடியில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் சிறிய பம்பு. பம்பிலிருந்து செங்குத்தாக எழும் பி.வி.சி. குழாய், அதன் நுனியில் துளைகள். மூடியைக் கழற்றிய கெக்கை அதன்மேல் கவிழ்த்தால், துளைகளில் பீறிடும் கரைசல் கெக்கின் அடிப்பாகத்தில் அறைந்து, சுவர் வழியாக வழிந்து மீண்டும் வாளிக்கே வரும். ஒரு டீ-இணைப்பு போட்டு இரண்டு கிளை டியூப்களை வால்வுகளில் மாட்டினால் உள்குழாயும் கழுவப்படும். இதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும் என்பேன்.

பம்பு வாங்கும்போது பெட்டியில் உள்ள 'மணிக்கு 2,000 லிட்டர்' என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எதிர்ப்பே இல்லாதபோது கிடைக்கும் அளவு அது. எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் என்பதே முக்கியம். பீர் ஓடும் மெல்லிய டியூப்பில் பம்பை மாட்டியதும் உராய்வு பம்பின் வேகத்தை விழுங்கிவிடும். 40 டிகிரி வெந்நீர் இந்த டியூப்பில் சுழித்து ஓட நிமிடத்துக்குச் சுமார் 0.6 லிட்டராவது போக வேண்டும். 20 டிகிரி தண்ணீருக்கு 0.9 லிட்டர். வெந்நீர் அழுக்கைக் கரைப்பதோடு தானும் இளகிச் சுழல்கிறது. ஆனால் சிறிய பம்புகள் பலவும் கொதிநீரைத் தாங்காது. ஈரத்தில் நிற்கும் மோட்டாருக்கு மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம்.

பம்பே வேண்டாம் என்பவர்களுக்குக் குறுக்குவழி உண்டு. கெக் இணைப்பு பொருந்தும் மூடியை 2 லிட்டர் சோடா பாட்டிலில் திருகி, கரைசலை ஊற்றி, வாயு அழுத்தத்தால் டியூப்பில் தள்ளுகிறார்கள். மலிவுதான், ஆனால் பாட்டில் காலியானதும் ஓட்டம் நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றிவரும் பம்பின் வேலைக்கு இது ஈடாகாது.

கரைசலாகச் சோடியம் பெர்கார்பனேட் போதும். தண்ணீரில் அது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருப்பதால் இறுக மூடிய பாத்திரத்தில் விட்டுவைக்கக் கூடாது. இந்தக் காரக் கரைசல் பீர்க் கல்லைக் கரைக்காது. அதற்கு அவ்வப்போது அமிலம் வேண்டும். குளோரின் பிளீச் எவர்சில்வரில் நுண்குழிகளை உண்டாக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் வரும். அதை இந்தப் பக்கமே கொண்டுவராமல் இருப்பது நல்லது.

பீர்க்கடைக்காரர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 சதவீதக் காஸ்டிக் சோடாவால் டியூப்களைக் கழுவுவார்கள். வீட்டில் அதைக் கெக்குக்கும் பயன்படுத்துபவர் கவனிக்க வேண்டியது ஒன்று. பீர் தீர்ந்த கெக்கில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். அழுத்தத்தை வெளியேற்றிய பிறகும் மிஞ்சும் 19 லிட்டர் வாயு சுமார் 60 கிராம் காஸ்டிக்கைத் தின்றுவிடும். 4 லிட்டர் கரைசலில் இருப்பதே 80 கிராம்தான்! மூடிய கெக்காக இருந்தால் வாயு கரைந்து உள்ளே வெற்றிடமும் உண்டாகும். வாளிக் கழுவியில் இந்தத் தொல்லை குறைவு. திறந்த கெக்கைக் கவிழ்த்ததுமே, காற்றைவிடக் கனமான அந்த வாயு தானாகக் கீழே இறங்கி வெளியேறிவிடுகிறது.