எந்த வேதாகமம் வாங்குவது?

கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே முத்தியால்பேட்டையைத் தாண்டினால் புதுச்சேரி. வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் திண்டிவனம். தமிழ் பைபிள் வாங்கப் போகிறவர் கடையில் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பார்த்துத் திகைத்து நிற்பதற்கு இந்த இரண்டு ஊர்களும் ஒரு வகையில் காரணம்.

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரத்தை ஆங்கிலேயப் படைத் தளபதி ஐர் கூட் சென்னைக்கு அள்ளிக்கொண்டு போனார். அதை இயக்க அங்கே ஆள் இல்லை. அரசாங்க வேலைக்கே முதலிடம் என்ற நிபந்தனையோடு, வேப்பேரியில் இருந்த ஜெர்மன் மிஷனரி பெப்ரிசியஸிடம் ஒப்படைத்தார்கள். வேப்பேரி அச்சுக்கூடம் பிறந்தது அப்படித்தான். 1772-ல் அவருடைய புதிய ஏற்பாடு அங்கிருந்து வெளிவந்தது. கடனுக்காகச் சிறைக்கும் போய் வந்த மனிதர் அவர். கணக்கு வழக்கில் கோட்டைவிட்டாலும் தமிழில் கோட்டைவிடவில்லை.

தமிழில் முதல் புதிய ஏற்பாட்டை 1715-லேயே தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு அச்சிட்டு முடித்திருந்தார். ஆனாலும் சபைகளின் காதில் தங்கியது பெப்ரிசியஸின் நடைதான். அதை அடித்தளமாகக் கொண்டு மிஷனரி ஹென்றி பவரின் குழு திருத்திய முழு வேதாகமம் 1871-ல் வந்தது. புராட்டஸ்டண்ட் வீடுகளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் இந்தப் ‘பழைய திருப்புதல்’தான்.

இடையில் போட்டி இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் துணையோடு மிஷனரி பீட்டர் பெர்சிவல் கொண்டுவந்த 1850 பதிப்பு சபைகளில் நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மிஷனரி லார்சன் தலைமையில் நடந்த திருத்தமும் பழையதை இடம்பெயர்க்க முடியாமல் போனது. மொழிபெயர்ப்பின் தரத்தை அறிஞர்கள் எடைபோடலாம். ஜெபக் கூட்டத்தில் ஒருவர் பாதி வசனம் சொல்ல, மற்றவர்கள் மீதியை முடிக்கிறார்களே, அந்தப் பழக்கத்தை எந்தக் குழுவாலும் திருத்த முடியாது.

திண்டிவனத்தின் பங்கு பிந்தையது. அங்குள்ள கத்தோலிக்க விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து மூலமொழிகளிலிருந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-ல் வெளியானது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என இரு தரப்பும் உழைத்த பொது மொழிபெயர்ப்பு அது. ஆனாலும் பலர் அதைக் ‘கத்தோலிக்க பைபிள்’ என்றே ஒதுக்குகிறார்கள். அட்டையைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. 66 நூல்களோடு, கத்தோலிக்கர் ஏற்கும் இணைத்திருமுறை நூல்களும் சேர்ந்த பதிப்பு இருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்? சபையோடு சேர்ந்து வாசிக்க, மனப்பாடம் செய்ய, உங்கள் சபையில் வாசிப்பது எதுவோ அதுதான். தனியாக உட்கார்ந்து பொருள் புரிந்து படிக்க, தயங்காமல் திருவிவிலியம். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். சங்கீதத்தைப் புரட்டாதீர்கள், பழகிய வரிகள் ஏமாற்றும். ரோமருக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் ஏதாவது ஓர் அதிகாரத்தை இரண்டிலும் வாசியுங்கள். நீண்ட வாக்கியத்தில் எங்கே வழி தவறினீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். பழையதை விட மனமில்லாதவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். நூல்களின் பெயர்கள்தான் முதலில் தடுமாற வைக்கும்: ஆதியாகமம் திருவிவிலியத்தில் தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம். வீட்டில் வயதானவர்கள் வாசிப்பதென்றால் எழுத்தின் அளவை முதலில் பாருங்கள்; மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகு.

கோட்டக்குப்பம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ‘கிறிஸ்தவர்களின் வேதத்தில் என்னதான் இருக்கிறது’ என்று அங்கே ஒருவர் ஆர்வத்தோடு கேட்டால் பதில் இன்னும் சுலபம். அவர் காதில் எந்தப் பழைய நடையும் ஏறியிருக்காது. திருவிவிலியத்தையே கொடுக்கலாம். தொடக்கநூலில் 37-ஆம் அதிகாரத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். சகோதரர்கள் கிணற்றில் தள்ளிய யோசேப்பின் கதை அது. யூசுஃப் நபியின் வரலாறாகக் குர்ஆனின் 12-ஆவது அத்தியாயத்தில் அவர் ஏற்கெனவே படித்ததுதான். எது ஒன்றாக இருக்கிறது, எது மாறுகிறது என்பதை 50-ஆம் அதிகாரம் முடிவதற்குள் அவரே சொல்லிவிடுவார்.