மதுச்சாலைக் கழிவுநீரும் உரிமச் சட்டமும்

யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் தோண்டியெடுக்கப்பட்ட இருகைச் சாடிகளின் ஓடுகள் அந்த வாணிகத்திற்குச் சான்று பகர்கின்றன. சாடி வந்த வழியை ஆராய்ந்தோர் பலர். ஆனால், அச்சாடியை நிரப்புவதற்கு முன் பழம் பிழிந்த தொட்டியைக் கழுவிய நீர் எங்கே சென்றது என்று கேட்போர் அரியர். இன்று திராட்சை மது வடிக்கும் நாடுகளில் சட்டம் கேட்கும் முதற்கேள்விகளுள் அதுவும் ஒன்றாகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் மதுவில் பெரும்பகுதியை ஆக்கித்தரும் கலிபோர்னியா மாநிலம் இக்கேள்விக்கு விடை கண்ட முறை, ஆலைத் தொழில் நடைபெறும் எந்நாட்டாரும் அறிந்துகொள்ளத்தக்கது.

கழிவு பிறக்கும் வகை

திராட்சை மது என்பது பழச்சாறு புளித்து விளைவது. அதில் நீர் கலப்பதில்லை. ஆயினும், மதுச்சாலையில் நீர்ச்செலவு மிகுதி. பழம் வந்திறங்கும் கூடை, பிழியும் பொறி, சாறு புளிக்கும் எஃகுத் தொட்டி, மது முதிரும் மரப்பீப்பாய், குழாய், தரை, புட்டியில் அடைக்கும் இயந்திரம் ஆகிய அனைத்தையும் ஓயாமல் கழுவ வேண்டும். தூய்மை குன்றினால் மது கெட்டுவிடும். ஆகவே, ஒரு லிட்டர் மதுவுக்கு இரண்டு முதல் ஆறு லிட்டர் வரை கழிவுநீர் உண்டாவதாகப் பொதுவாகக் கணக்கிடுவர்.

இந்நீரில் நஞ்சு ஏதும் இல்லையே, பழச்சாறும் சர்க்கரையும்தாமே என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணமே நெடுங்காலம் கேட்டிற்குக் காரணமாயிற்று. கழுவிய நீரில் சர்க்கரை, மதுசாரம், பழ அமிலங்கள், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், தோல், விதை ஆகியவை கலந்துள்ளன. தொட்டிகளைத் துலக்கப் பயன்படும் காஸ்டிக் சோடா போன்ற காரங்களும் அவற்றோடு சேர்கின்றன. அறுவடைக் காலத்தில் இந்நீர் பெரும்பாலும் கடும்புளிப்பாக இருக்கும். காரம் இட்டுத் துலக்கும் நாளில் அதற்கு நேர்மாறாகிவிடும்.

காலமும் ஓர் இடர்ப்பாடு. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான சில கிழமைகளில் பழம் அனைத்தும் வந்து குவிகிறது. ஆண்டின் கழிவில் மிகுதியான பங்கு, அதிலும் மிகக் கடுமையான பங்கு, அந்தக் குறுகிய காலத்திலேயே வெளிப்படுகிறது. எனவே, ஆண்டுச் சராசரியை மட்டும் நோக்கிக் கட்டிய தொட்டி, அறுவடைக் காலத்தில் தாங்காது.

பிராணவாயுப் பசி

நீரின் கேட்டை அளக்க அறிவியலார் கையாளும் அளவுகோல் ஒன்று உண்டு. நீரிலுள்ள உயிர்ப்பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்போது எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று காண்பதே அம்முறை. இதனை உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை என்பர். நீரை 20 பாகை வெப்பத்தில் 5 நாள் வைத்துச் சோதிப்பது பொது வழக்கு.

வீட்டுக் கழிவுநீரில் இத்தேவை லிட்டருக்கு ஏறக்குறைய 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். மதுச்சாலைக் கழிவிலோ அது சில ஆயிரம் மில்லிகிராம் வரை எழும். ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் தேவையுள்ள கழிவுநீர் ஒரு லட்சம் லிட்டர் வெளியேறுவதாகக் கொள்வோம். அதன் மொத்தப் பிராணவாயுத் தேவை 500 கிலோகிராம். ஒரு மனிதனால் நாளொன்றுக்கு ஏற்படும் கழிவின் தேவை ஏறக்குறைய 60 கிராம். ஆகவே, அந்த ஒரு லட்சம் லிட்டர், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊரின் ஒருநாட் கழிவுக்கு ஈடாகிறது. இது சிற்றாறு ஒன்றில் விழுந்தால், நீரிற் கரைந்துள்ள பிராணவாயு முழுவதையும் நுண்ணுயிர்களே உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மடியும். நஞ்சில்லாத பொருளும் அளவு மீறினால் நஞ்சின் வேலையைச் செய்யும் என்பதற்கு இது சான்றாகும்.

மண் செரிக்கும் அளவு

ஆற்றில் விடாமல் நிலத்தில் பாய்ச்சிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று கருதுவோர் உளர். அளவறிந்து பாய்ச்சினால் அது நல்ல வழியே. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று செரிக்கும். கொடிக்கும் புல்லுக்கும் நீர் கிடைக்கும். ஆனால், மண்ணுக்கும் ஒரு வயிறு உண்டு. அதற்கும் ஓர் அளவு உண்டு.

பாய்ச்சிய நீர் வடிந்து, மண் உலர்ந்து, காற்று உட்புகுவதற்கு இடைவேளை தேவை. இடைவேளையின்றி மேன்மேலும் பாய்ச்சினால் மண்ணில் காற்று இல்லாமற் போகிறது. அந்நிலையில் மண்ணோடு ஒட்டிக் கிடந்த இரும்பும் மாங்கனீசும் கரைந்து நிலத்தடி நீரை அடைகின்றன. மண்ணில் இயற்கையாகவே ஆர்சனிக் இருக்கும் இடங்களில் அதுவும் உடன் இறங்கக்கூடும். மதுச்சாலையில் ஆர்சனிக் இல்லாதிருந்தும் கிணற்றில் ஆர்சனிக் தோன்றுவது இவ்வாறே.

இன்னொன்று நைட்ரஜன். பயிர் உண்ணும் அளவுக்கு மேல் நைட்ரஜன் சேர்ந்தால், எஞ்சியது நைட்ரேட்டாக மாறி நீரோடு கீழே இறங்கும். குடிநீரில் நைட்ரேட் வடிவிலான நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது அமெரிக்க நாட்டின் வரையறை. அதனை மீறிய நீரிற் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும் நோய் வரலாம்.

மூன்றாவது உப்பு. சர்க்கரையை நுண்ணுயிர் தின்றுவிடும்; உப்பை எவ்வுயிரும் தின்று அழிப்பதில்லை. காஸ்டிக் சோடாவிலுள்ள சோடியம் மண்ணிலேயே தங்கி, மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, நீர் உட்புகாதபடி இறுகச் செய்கிறது. சோடியத்திற்கு மாற்றாகப் பொட்டாசியம் கலந்த காரங்களைச் சில ஆலைகள் கையாளுவதன் காரணம் இதுவே.

மூவழியும் மூவகை அனுமதியும்

மதுச்சாலைக் கழிவுநீர் மூன்று வழிகளில் வெளியேறலாம். நகரத்துச் சாக்கடைக் குழாயில் சேர்ப்பது முதல் வழி. இதற்கு அந்நகரச் சுத்திகரிப்பு நிலையத்தின் இசைவு வேண்டும். ஆறு, ஓடை ஆகியவற்றில் விடுவது இரண்டாம் வழி. இதற்கு 1972ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டப்படி, நாடு முழுவதற்கும் பொதுவான அனுமதிப் பத்திரம் பெறுதல் வேண்டும். நிலத்தில் விடுவது மூன்றாம் வழி. நாட்டுப்புறத்து மதுச்சாலைகள் பெரும்பாலும் கைக்கொள்வது இதனையே.

நிலத்தில் விடுவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தொடுவதில்லை. அங்கே மாநிலச் சட்டம் முன்வருகிறது. கலிபோர்னியாவில் 1949ஆம் ஆண்டிலேயே நீர்க்கேட்டைத் தடுக்க ஒன்பது வட்டார வாரியங்கள் அமைக்கப்பட்டன. 1969ஆம் ஆண்டில் போர்ட்டர்-கொலோன் சட்டம் நிறைவேறியது. நிலத்தின்மேல் ஓடும் நீரை மட்டுமன்றி நிலத்தடி நீரையும் காக்கும் பொறுப்பை அது மாநில நீர்வள வாரியத்திடமும் வட்டார வாரியங்களிடமும் ஒப்படைத்தது. கழிவை வெளியேற்றுவது ஒருவரது பிறப்புரிமை அன்று. நிபந்தனைக்கு உட்பட்டுப் பெறும் இசைவே ஆகும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி.

2021ஆம் ஆண்டுப் பொது ஆணை

சட்டம் ஒன்றாயினும் நடைமுறை ஒன்றாக இல்லை. ஒரு வட்டாரத்தில் தனித்தனி உரிமம் கேட்டனர். மற்றொன்றில் சிறிய ஆலைகளுக்கு விலக்களித்தனர். உரிமமே இன்றி நடந்த ஆலைகளும் இருந்தன. இவ்வேறுபாட்டைக் களைவதற்காக, மாநில நீர்வள வாரியம் 2021ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் மதுச்சாலைகளுக்கென மாநிலம் முழுவதற்குமான பொது ஆணை ஒன்றை ஏற்றுக்கொண்டது.

ஓர் ஆண்டில் நிலத்தில் விடும் கழிவுநீரின் அளவைக் கொண்டு ஆலைகளை இவ்வாணை நான்கு படிகளாக வகுக்கிறது. 10,000 முதல் 30,000 காலன் வரை முதற்படி. அதற்குமேல் 3 லட்சம் காலன் வரை இரண்டாம் படி. 10 லட்சம் காலன் வரை மூன்றாம் படி. 1 கோடியே 50 லட்சம் காலன் வரை நான்காம் படி. அமெரிக்கக் காலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். ஆகவே, முதற்படியின் தொடக்கம் ஆண்டுக்குச் சுமார் 38,000 லிட்டர். நான்காம் படியின் முடிவு ஏறக்குறைய 5 கோடியே 68 லட்சம் லிட்டர். படி உயர உயர, சோதனைகளும் கட்டணமும் பொறுப்பும் உயர்கின்றன.

உரிமம் நாடும் ஆலை முதலில் தன் எண்ணத்தை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கழிவு எவ்வளவு, எங்கே தேங்குகிறது, எந்நிலத்தில் பாய்கிறது, அருகில் கிணறு உண்டா என்பவற்றைத் தொழில்நுட்ப அறிக்கையாகத் தர வேண்டும். அதன்பின் நீரை அளந்தும் சோதித்தும் குறித்துவைத்து, உரிய காலத்தில் வட்டார வாரியத்திற்கு அறிக்கை அனுப்புதல் வேண்டும். ஏற்கெனவே உரிமமின்றி நடந்த ஆலைகள் விண்ணப்பிக்க 2024ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் வரை மூன்றாண்டுத் தவணை வழங்கப்பட்டது.

ஆலைகள் இவ்விதிகளுக்கு உட்பட நடக்கப் பல வழிகள் உள்ளன. தோலையும் விதையையும் சல்லடையிட்டுத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுதல் முதற்கடமை. நீரைக் கொண்டு தள்ளுவதற்கு முன் துடைப்பத்தாற் கூட்டி அள்ளினாலே கழிவின் கடுமை பெரிதும் குறையும். பிறகு புளிப்பைச் சமன்செய்து, குளத்திற் காற்றூட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மை செய்வர். மண்புழுக்கள் வாழும் மரத்தூள் படுகையில் நீரை வடிகட்டும் முறையையும் சில ஆலைகள் மேற்கொண்டுள்ளன.

சிறியோரும் பெரியோரும்

இவ்வாணைக்கு மறுப்பும் எழாமலில்லை. குடும்பத்தார் நடத்தும் சிறிய ஆலைக்குப் பொறியாளர் கூலியும் ஆய்வுக்கூடச் செலவும் பெருஞ்சுமை. வயலுக்கு இடும் உரத்தாலும் பாற்பண்ணைக் கழிவாலும் நிலத்தடி நீரிற் சேரும் நைட்ரேட்டோடு ஒப்பிட்டால் மதுச்சாலையின் பங்கு சிறிதே. இக்கூற்றில் உண்மை உண்டு. படிகளாக வகுத்தமையும், 10,000 காலனுக்குக் குறைந்த ஆலைகளை ஆணையின் எல்லைக்கு வெளியே விட்டமையும் அவ்வுண்மைக்கு அளித்த மதிப்பே.

எனினும், நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், வயல்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் உழைப்போர் வாழும் சிற்றூர்கள் பல, கிணற்று நீரையே நம்பியிருக்கின்றன. அவற்றுட் சிலவற்றில் நைட்ரேட்டும் ஆர்சனிக்கும் மிகுந்து, மக்கள் குடிநீரை விலைகொடுத்து வாங்கும் நிலை ஏற்பட்டது. தூய குடிநீர் ஒவ்வொரு மனிதனுக்கும் உரியது என அம்மாநிலம் 2012ஆம் ஆண்டில் சட்டமே இயற்றியது. ஆற்றுநீர் கெட்டால் கண்ணுக்குத் தெரியும். ஓராண்டு மழையில் ஓரளவு தெளியவும் கூடும். நிலத்தடி நீர் கெட்டால் எவர் கண்ணுக்கும் தெரியாது. தெளிவதற்கோ பல்லாண்டுகள் செல்லும். பழம் பறித்தவனின் கிணற்றிலேயே ஆலைக் கழிவு இறங்குமாயின், அவன் பெற்ற கூலி குடிநீருக்கே சென்றுவிடும்.

மலேசியாவின் முன்மாதிரி

இத்தகைய உரிம முறை மலேசியத் தமிழர்க்குப் புதியதன்று. செம்பனைத் தோட்டங்களை அடுத்த ஆலைகளில் ஒரு டன் எண்ணெய் எடுக்க இரண்டரை முதல் மூன்றரை டன் வரை கழிவுநீர் உண்டாகிறது. அதன் பிராணவாயுத் தேவை லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். மதுச்சாலைக் கழிவினும் பன்மடங்கு கடியது. தோட்ட மக்கள் குளித்துத் துணி வெளுத்த ஆறுகள் பல இதனாற் கறுத்தன.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977ஆம் ஆண்டில் செம்பனை ஆலைகளுக்கான விதிகள் பிறந்தன. ஆலை ஒவ்வொன்றும் உரிமம் பெற வேண்டும்; வெளியேற்றும் கேட்டின் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று தொடங்கிய எல்லை, படிப்படியாகச் சுருங்கி 1984இல் 100 மில்லிகிராம் ஆயிற்று. பின்னர்ச் சில இடங்களில் 20 மில்லிகிராம் என்னும் கடுமையான எல்லையும் விதிக்கப்பட்டது. வெப்பநாட்டிற்கு ஏற்ப, சோதனையையும் 30 பாகை வெப்பத்தில் 3 நாள் எனத் திருத்தி அமைத்தனர். கலிபோர்னியா ஆலையின் அளவைப் பார்த்துப் படி வகுத்தது; மலேசியா காலத்தைப் பார்த்துப் படி வகுத்தது. தொழிலும் அழியாமல் நீரும் கெடாமல் இருக்க, ஏறத்தக்க படிகளாகச் சட்டம் அமைய வேண்டும் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவானது.

சட்டம் ஏட்டில் இருப்பதால் மட்டும் நீர் தூய்மையாகிவிடாது. அளவைக்கருவியைப் படிப்பவர் நேர்மையாகப் படித்தல் வேண்டும். அறிக்கையைப் பெறுபவர் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஊரார் தம் கிணற்று நீரின் சோதனை முடிவைக் கேட்டறிதல் வேண்டும். ஆலையிலிருந்து வெளிவரும் பண்டத்தின் விலையைக் கடைக்காரர் கூறிவிடுவார். அதைக் கழுவிய நீர் எங்கே சென்றது என்பதை, அந்நீருக்குக் கீழ்ப்புறம் வாழும் மக்கள்தாம் கேட்டாக வேண்டும். உரிமச் சட்டம் அவர்கள் கேட்பதற்கு ஓர் உரிமையையும், ஆலை விடை கூறுவதற்கு ஒரு கடமையையும் வகுத்துத் தந்துள்ளது.