பால் பல்லும் பல்வரிசையும்

“விழப்போகிற பல்தானே, அதற்கு வைத்தியம் எதற்கு?” என்று பால் பற்களைப் பற்றிக் கூறுவது நம்மிடையே வழக்கம். வரிசை தப்பிய பற்கள் பலவற்றிற்கு இந்த அலட்சியமே வித்து என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

பரம்பரையாக வரும் தாடையமைப்பும் விரல் சூப்பும் பழக்கமும் பல்வரிசையைக் கெடுப்பதுண்டு. அவற்றை விடுத்து, பல்லினாலேயே பல்லுக்கு நேரும் கேட்டை மட்டும் இங்கே காண்போம்.

பால் பற்கள் 20. அவை மெல்லுவதற்கு மட்டுமல்ல. பின்னர் முளைக்கவிருக்கும் நிலையான பற்களுக்கு இடங்காத்து நிற்பதற்கும் உரியவை. அவற்றுள் நெடுங்காலம் காவல் புரிவது இரண்டாம் பால் கடைவாய்ப் பல். இயல்பாக அது விழுவது 10 முதல் 12 வயதிற்குள். அதற்குப் பின்புறத்தில், ஏறக்குறைய 6 வயதில், நிலையான முதற் கடைவாய்ப் பல் தோன்றுகிறது. எப்பல்லும் விழாமலே இது முளைப்பதால் பெற்றோர் பலர் இதனையும் பால் பல்லென்றே எண்ணிவிடுகின்றனர். 1899ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் கடியின் கோளாறுகளை வகைப்படுத்தியபோது இப்பல்லின் நிலையையே அளவுகோலாகக் கொண்டார்.

சொத்தை காரணமாக இரண்டாம் பால் கடைவாய்ப் பல்லை 7 வயதில் பிடுங்கிவிட்டதாகக் கொள்வோம். எல்லைக்கல் போன நிலத்தில் பக்கத்துக்காரர் வரப்பு நகர்வதுபோல, பின்னுள்ள பல் முன்னோக்கிச் சாய்கிறது. (பல்லின்மீது வழக்குத் தொடரவும் இயலாது!) ஈறுக்குள் காத்திருக்கும் முன்கடைவாய்ப் பல் இடமின்றி உள்ளேயே தங்கும், அல்லது நாக்குப் பக்கமாகவோ கன்னப் பக்கமாகவோ முளைக்கும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமற் போகும். 6 வயதிற்கு முன்னரே அப்பல்லை இழந்தால் கேடு இன்னும் அதிகம்.

ஆதலின், இயன்றவரை சொத்தையை அடைத்துப் பால் பல்லைக் காப்பதே முறை. பிடுங்கியே தீரவேண்டுமெனில், இடங்காக்கும் கம்பி பொருத்தலாமா என்று அன்றே பல் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். பின்னுள்ள பல்லுக்குப் பட்டையிட்டு, அதனின்று ஒரு கம்பி வளையம் இடைவெளிக்கு முன்னுள்ள பல்லைத் தொடுமாறு அமைக்கும் எளிய சாதனம் அது. தாமதித்தால் சில மாதங்களிலேயே இடம் சுருங்கத் தொடங்கிவிடும். பின்னர்ப் பல்லை நகர்த்தும் சிகிச்சைக்குக் காலமும் பணமும் மிகுதியாகச் செலவாகும்.

இதற்கு மாறாக, பால் பல் உரிய காலத்தில் விழாமையும் வரிசையைக் கெடுக்கும். கீழ் முன்பற்கள் பால் பற்களுக்குப் பின்னே இரண்டாம் வரிசையாய் முளைப்பதை 6, 7 வயதில் காணலாம். பால் பல் ஆடிக்கொண்டிருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. அது விழுந்தபின் பெரும்பாலும் நாக்கே புதுப்பல்லை முன்னே தள்ளிவிடும். ஆடாமல் உறுதியாக நின்றால் மருத்துவரிடம் காட்டுக. மேல் நடுப்பற்கள் இரண்டில் ஒன்று முளைத்து 6 மாதமாகியும் மற்றது தோன்றாவிடினும் அவ்வாறே செய்க. மிகைப்பல் ஒன்று ஈறுக்குள் வழிமறித்து நிற்கக்கூடும், அதனை எக்ஸ்-ரே படமே காட்டும்.